பிறம்ரன் வீட்டுக் கூரையில் தொங்கும் ஐஸ்

தம்பி,

சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் உன்னைப் பார்த்தேன். சுகமாகத்தான் இருக்கிறாய், கொஞ்சம் வண்டி வயிறுகூட வைத்திருக்கிறது. ஸ்காபரோவில் இருந்து பிறம்ரனுக்குக் காரில் ஒரு மணித்தியாலம், ரெலிபோன் எடுத்தால் ஒரு நிமிஷம். அப்படி இருந்தும் உன் அம்மா கடுதாசியும் பேனையுமாகக் குந்தியிருக்கிறாள் என்றால் ஏதோ வில்லங்கம் என்று இப்போதே ஊகித்திருப்பாய். ஊகம் சரிதான். இதை நான் வாயால் சொல்லப்போனால் நீ இடையில் "விடுங்கோம்மா" என்பாய். அதுதான் சாட்டென்று நானும் விட்டுவிடுவேன். ஆறு வருஷமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வருகிறேன். கடிதத்தோடு நீ குறுக்கே கதைக்க முடியாது. ஆகையால் கடைசி வரை வாசி. வாசித்த பிறகு என்னோடு கோபிக்கலாம், அதற்கு உனக்கு முழு உரிமை உண்டு.

போன ஞாயிறு நீயும் சுகன்யாவும் உங்கள் புது வீட்டை எனக்கு அறை அறையாகக் காட்டினீர்கள். அடுத்த மாதம் பால் காய்ச்சுவது, வைகாசியில் கல்யாணம் என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்திருக்கிறது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் காட்டி முடித்ததும் என்னைச் சப்பாத்துப் போடச் சொல்லி வெளியே கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினாய். "அம்மா, மேல பாருங்கோ." மழைத்தண்ணீர் ஓடுகிற கூரைப் பீலி முழுக்க ஐஸ் ஈட்டிகள் தொங்கின. நடுவில் இருந்தது என் கை நீளம் இருக்கும். "அன்ரி, வெயில் பட்டால் இன்னும் வடிவு," என்றாள் சுகன்யா. "ஓம் பிள்ளை, நல்ல வடிவு," என்று நானும் சொன்னேன். ஆனால் என் கண் ஈட்டிக்கு மேலே, கூரைக்குப் போய்விட்டது. இந்த வருஷம் விழுந்த பனியில் உன் தெருவில் மற்றக் கூரைகள் எல்லாம் ஒரு முழத்துக்கு வெள்ளையாக மூடிக் கிடக்கின்றன. உன் கூரையில் மட்டும் மேல்பாதி கரைந்து கறுப்பாகத் தெரிகிறது. நீங்கள் இரண்டு பேரும் ஈட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள், நான் அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது காருக்குள், எங்கள் தெரு வருவதற்குக் கொஞ்சம் முன்னர் மெல்லச் சொன்னாய். "பால் காய்ச்ச நீங்கள் மட்டும் வாங்கோம்மா. அவர் வேண்டாம்." வழக்கம்போல என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டாய். வாசலுக்கு வரவில்லை. பால் காய்ச்ச வராத அப்பா கல்யாணத்துக்கும் வரப்போவதில்லை என்பது எனக்கு விளங்காமல் இல்லை. உன் கூரையில் தொங்கும் ஐஸுக்கும், நீ உன் அப்பாவை வேண்டாம் என்பதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்பு நான்தான்.

முதலில் கூரையைச் சொல்லிவிடுகிறேன், அது எனக்குச் சுலபம். யாழ்ப்பாணத்தில் எட்டு வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். உறைநிலை, உருகுநிலை, சூடான காற்று மேலெழுவது எல்லாவற்றையும் வியர்த்து ஒழுகிக்கொண்டு கரும்பலகையில் படம் கீறி விளக்கியிருக்கிறேன். ஐஸை ஐஸ்பழக்காரனின் பெட்டிக்குள் மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்கு, அதே அளவுக்கு மட்டுமே பார்த்த ரீச்சர் படிப்பித்தாள். கனடாக் கூரையில் நடப்பதும் அதே பாடம்தான். சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள அற்றிக் என்கிற இடம், வெளிக்காற்றைப் போலவே குளிராக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மேலே விழுந்த பனி பேசாமல் கிடக்கும். வீட்டுச் சூடு எங்கேயாவது ஓட்டையால் அற்றிக்குக்குள் ஏறினால் கூரை சூடாகி, பனியின் அடிப்பகுதி உருகத் தொடங்கும். உருகிய தண்ணீர் பனிக்கு அடியால் யாருக்கும் தெரியாமல் கீழே வடியும். சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிற கூரையோரத்துக்கு வந்ததும், அதற்குக் கீழே சூடான அறை இல்லை என்பதால் அங்கேயே உறையும். அடுத்து வருகிற தண்ணீர் அதன் மேல் உறையும். இப்படியே கொஞ்ச நாளில் கூரையோரத்தில் ஐஸால் ஒரு அணைக்கட்டு எழும்பிவிடும். அதன் பின்னால் தண்ணீர் குளம் கட்டும். ஷிங்கிள் என்கிற அந்தத் தார்த் தகடுகள் ஓடுகிற தண்ணீருக்குத்தான் தாங்கும், தேங்கி நிற்கிற தண்ணீருக்குத் தாங்காது. தண்ணீர் தகட்டுக்கு அடியால் மேல்நோக்கி ஏறி, சுவருக்குள்ளும் சீலிங்குக்குள்ளும் இறங்கும். வெளியே பார்க்கிறவனுக்குத் தெரிவது வடிவான ஈட்டிகள் மட்டும்தான்.

இனிச் சுலபம் இல்லாத பகுதி. டோர்செட் பார்க்கில் பன்னிரண்டாம் மாடியில் இருந்தோமே, அப்போது நீ ஒன்பதாம் வகுப்பு. ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து, ஒன்றும் பேசாமல் உன் குளிர் ஜாக்கெட்டை ஒரு கறுப்புக் குப்பைப் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, படுக்கைக்குக் கீழே தள்ளினாய். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வந்ததும் கட்டுவாய், காலையில் அவிழ்ப்பாய். ஜாக்கெட்டில் கறி மணக்கிறது என்று வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறான் என்பது எனக்கு விளங்க ஒரு கிழமை எடுத்தது. பழியை உன்னில் போட இதைச் சொல்லவில்லை. அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதித்தது, அதனால் சொல்கிறேன். சொந்த வீடு வாங்கினால் அந்த வீட்டில் கறி மணம் யாருக்கும் போகவிட மாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்தேன். எனக்கு வேறு பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை.

நீ பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய வருஷம் வெக்ஸ்போர்ட்டில் இந்த வீட்டை வாங்கினோம். அந்தக் கோடையில் ஒருநாள் மீன் பொரித்துக்கொண்டு நிற்கிறேன். அடுப்புக்கு மேலே இருந்த ஃபான் புகையை இழுத்துப் பக்கச் சுவரால் வெளியே தள்ளுகிறது. அந்தச் சுவருக்கு எதிரே பக்கத்து வீட்டுக் கிழவியின் படுக்கையறை ஜன்னல். மனுசி வந்து படாரென்று ஜன்னலைச் சாத்தினாள். அவ்வளவுதான் நடந்தது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு உன் கறுப்புப் பை கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர் குணம் அண்ணை வீடு திருத்துகிற வேலை செய்கிறவர் என்று உனக்குத் தெரியும். அப்பா வேலைக்குப் போன ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, நல்ல இழுவையான ஃபான் ஒன்று வாங்குவித்து, சுவர் ஓட்டையை மூடி, குழாயை நேரே மேலே அற்றிக்குக்குள் விடச் சொன்னேன். "தங்கச்சி, உது சரிவராது. கூரையைத் துளைச்சு வெளியில விடவேணும்," என்றார். கூரைக்கு மேலே போனாலும் காற்று அந்த மணத்தைக் கீழே கொண்டு வருமே என்று எனக்குப் பயம். "அண்ணை, மணம் வெளியில போகக்கூடாது. வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்," என்றேன். "பிறகு என்னைக் குறை சொல்லாதையுங்கோ," என்றுவிட்டுச் செய்து தந்தார். மூடிய ஓட்டையைப் பற்றி அப்பா கேட்டபோது அணில் வருகிறது என்று ஒரு பொய் சொன்னேன். சூடான காற்று மேலே போகும் என்று எட்டு வருஷம் படிப்பித்தவள், அதற்குப் போக ஒரு பாதையும் வெட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கருவாடு பொரித்தாள்.

அந்த மார்கழி உனக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் தெருவிலேயே நீளமான ஐஸ் ஈட்டிகள் எங்கள் வீட்டில்தான் தொங்கின. ஒன்றை முறித்து வாள் மாதிரிப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். அப்பா படம் எடுத்தார். அதில் ஒன்றைத் திருச்சியில் இருக்கும் உன் சின்னம்மாவுக்கு அனுப்பி, எங்கள் வீட்டில்தான் கூடுதல் வடிவு என்று பெருமையாக எழுதினேன். மற்றக் கூரைகள் வெள்ளையாகக் கிடக்க எங்களுடையதில் பனி கரைந்திருப்பதைப் பார்த்து, "எங்கட வீட்டிலதான் நல்ல வெயில் விழுது," என்று அப்பா சொன்னார். பாவம், அந்த மனுசனுக்கு அந்த வீட்டில் எல்லாமே அதிர்ஷ்டமாகத்தான் தெரிந்தது.

பிறகு தைப்பொங்கல். விடியற்காலையில் அடுப்பு மூட்டினேன். நாலு அடுப்பும் எரிகிறது. பொங்கல் ஒரு பக்கம், வடை ஒரு பக்கம், வருகிற சனத்துக்குச் சோறு கறி ஒரு பக்கம். ஃபான் முழு வேகத்தில் இரைந்துகொண்டு அவ்வளவு ஆவியையும் மேலே ஏற்றுகிறது. பால் பொங்கி வழிந்து எல்லாரும் கைகூப்பி நின்றபோது, முன்னறைச் சீலிங்கில் ஒரு துளி சொட்டியது. பிறகு ஒரு கோடாக வந்தது. பிறகு சீலிங் பலகை ஊறித் தொங்கி, சாமிப் படங்களுக்கு மேலேயே பொத்தென்று விழுந்தது. பொங்கல் பானையோடு சேர்ந்து கூரையும் பொங்கிவிட்டது என்று வந்தவர்களில் ஒருவர் பகிடி விட்டார். அப்பா சிரிக்கவில்லை. அடுத்த நாள் ஏணி வைத்து ஏறி ஐஸைச் சுத்தியலால் அடித்தார், ஐஸோடு சேர்ந்து ஷிங்கிளும் பிய்ந்து வந்தது. நான் கொதிதண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், அது பத்து நிமிஷத்தில் இன்னொரு ஐஸ் ஆனது. இவ்வளவுக்குப் பிறகும், நம்பினால் நம்பு, எனக்குக் குழாய் நினைவுக்கு வரவில்லை. கனடாக் குளிர் என்றால் இப்படித்தான் போல என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் கூரை வேலை செய்கிற ஒரு போர்த்துக்கீசர் வந்தார். உன் அறை அலுமாரிக்குள் இருந்த அற்றிக் கதவால் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, "மேலே சரியான சூடு. எங்கேயோ இருந்து சூட்டுக் காற்று போகிறது. இந்தக் கதவைத் திறந்து வைக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் அப்போது தட்டில் தேத்தண்ணிக் கோப்பைகளோடு அறை வாசலில் நின்றேன். அவர் வாயை மூட முன்னமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கரும்பலகையில் நானே கீறிய படம் மாதிரித் தெளிவாக விளங்கியது. சமையலறைக் குழாய் அற்றிக்கின் மற்ற அந்தத்தில், இருட்டுக்குள் இருந்ததால் அவர் காணவில்லை. அவருக்குப் பின்னால் ஏறிப் பார்த்த அப்பா கண்டது வேறு. கதவின் உள்விளிம்பில் நீ ஒளித்து வைத்திருந்த சிகரெட் பெட்டி அவர் கைக்கு வந்தது. சிகரெட் பிடிக்க மேலே ஏறி, கதவைத் திறந்தபடி விட்டு, வீட்டை நாசமாக்கியவன் நீ என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"நான் ஒவ்வொரு தரமும் மூடினனான் அப்பா."

"பொய் சொல்லாத. இந்த வீட்டை அழிக்கிறதுக்கெண்டே வந்து பிறந்தனி." அதோடு அடியும் விழுந்தது. ஒரு வெளி ஆளுக்கு முன்னால், பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குக் கன்னத்தில்.

நீ அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அம்மா, நீங்கள் சொல்லுங்கோ," என்றாய். ஏனென்றால் நீ கதவை மூடுகிறவன் என்பது எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் உன் உடுப்புகளைத் தோய்த்து அந்த அலுமாரிக்குள் கொழுவுகிறவள் நான். ஒருநாளும் அந்தக் கதவு திறந்து கிடந்ததில்லை. உன் முகத்தைப் பார்த்தேன், அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பிறகு நான் சொன்ன சொல் என்னவென்று நீ மறந்திருக்க மாட்டாய். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

அன்று பின்னேரமே ஒரு பையோடு போனாய். பிறம்ரனில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குக் கீழே இருந்த பேஸ்மென்ற், வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிற வேலை. படிப்பு இரண்டு வருஷம் நின்று, பிறகு இரவு வகுப்பில் தட்டுத்தடுமாறி முடித்தாய். ஏன் பேசாமல் நின்றேன் என்று உன்னிடம் நியாயம் சொல்ல வரவில்லை, இருந்தாலும் காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும். அப்பாவின் கைக்குப் பயந்து இல்லை. அவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. இரண்டு வேலை செய்து வாங்கிய வீட்டின் கூரையை அவர் பெண்சாதி, அதுவும் ஒரு விஞ்ஞான ரீச்சர், கருவாட்டு மணத்துக்கு வெட்கப்பட்டு உடைத்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மானம் பெரிதாகிப் போய்விட்டது. இரண்டு நாளில் மனுசனின் கோபம் ஆறும், அப்போது சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் நீ போய்விட்டாய். நீ போனபின் சொன்னால், பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பியவளும் நான்தான் என்றாகிவிடுமே என்று இன்னும் பயந்தேன். முதல் நாள் ஒரு வசனத்தில் சொல்லியிருக்கக்கூடியதை, ஒரு மாதம் போனபின் ஒரு மணித்தியாலம் சொன்னாலும் முடியாது போல இருந்தது. பிறகு நாங்கள் வோர்டன் சப்வே ஸ்ரேஷனுக்குப் பக்கத்து டோனட் கடையில் சனிக்கிழமைகளில் சந்திக்கத் தொடங்கினோம். நீ அப்பாவைத் திட்டுவாய். நான் கோப்பையை உருட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நல்ல தாய் பொறுமையாகக் கேட்கிறாள் என்று நினைத்திருப்பாய்.

நான் செய்தது ஒன்றே ஒன்று, அந்த ஃபானை நிறுத்தினேன். அன்றிலிருந்து அதன் சுவிச்சைத் தொட்டதே இல்லை. எந்தக் குளிரிலும் பின்பக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சமைத்தேன். அப்பாவுக்கு அது பெரிய கரைச்சலாக இருந்தது. "ஃபானைப் போடுமன், கண் எரியுது," என்பார். "சத்தம் தலையிடிக்குது," என்பேன். அடுத்த கிழமையும் "ஒருக்காப் போட்டுப் பாருமன்," என்பார். நான் மாட்டேன் என்பேன். ஆறு வருஷம் இந்த ஒரே கதை. வேறு எதிலும் இப்படிப் பிடிவாதம் பிடிக்காத மனுசன் இதில் மட்டும் ஏன் தொங்குகிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

நீ தெருமுனையில் இறக்கிவிட்ட அன்று நடந்து வரும்போதே முடிவெடுத்துவிட்டேன். கோட்டைக் கழற்றவில்லை, சப்பாத்தைக் கழற்றவில்லை. அப்பா சாப்பாட்டு மேசையில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். "இஞ்சருங்கோ, அண்டைக்குக் கூரை ஒழுகினது பிள்ளையால இல்லை. ஃபான் குழாயை அற்றிக்குக்குள்ள விட்டது நான்." மனுசன் தலை நிமிரவில்லை. தோலை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தார்.

"தெரியும்," என்றார்.

"எப்ப தொடக்கம்?"

"அந்தச் சித்திரையிலயே தெரியும். குளிருக்கு அற்றிக்கில போட்ட பஞ்சு காய்ஞ்சுதோ எண்டு பாக்க ஏறினனான். ஒரு மூலையெல்லாம் மிளகாய் பொரிச்ச மணம். பிறகு குழாயைக் கூரைக்கு மேல எடுத்துவிட்டனான், நீர் வேலைக்குப் போன நேரம் பாத்து." ஒரு சுளையைப் பிரித்துக்கொண்டு, "எத்தினை தரம் ஃபானைப் போடச் சொன்னனான்," என்றார்.

பின்கதவைத் திறந்து பனிக்குள் இறங்கிப் பார்த்தேன். பின்பக்கக் கூரையில் தொப்பி போட்ட சின்னக் குழாய் ஒன்று நிற்கிறது. ஆறு கோடை அதற்குக் கீழே நின்று உடுப்புக் காயப்போட்டிருக்கிறேன், ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே வந்து கத்தினேன், தம்பி. உண்மையாகவே கத்தினேன். "தெரிஞ்சால் அவனிட்டச் சொல்லியிருக்கலாமே! ஆறு வருஷம்! ஏன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீங்கள்?"

"உம்மைக் காட்டிக்குடுத்துப்போட்டு நான் நல்லவனாகிறதோ? அவனுக்கு இருக்கிறது நீர் ஒராள்தானே." பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதோட, குழாயை ஆர் வைச்சால் என்ன. அடிச்சது என்ர கை."

அவரை ஒரு பெரிய தியாகி என்று உனக்குக் காட்ட இதை எழுதவில்லை. எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. "பிழை விட்டிட்டன்" என்று உனக்கு ஒரு ரெலிபோன் எடுப்பதற்கு என் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அந்த ஒரு சொல் அவருக்கு வராது. அவர் வளர்ந்த வீட்டில் ஒருவரும் பிள்ளையிடம் அதைச் சொன்னதில்லை. நானோ சொல்லத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம். ஒரே வீட்டுக்குள் ஒருவருக்கு ஒருவர் ஒளித்துக்கொண்டு, ஒரே விஷயத்தை இரண்டு பேரும் ஆறு வருஷம் காவல் காத்திருக்கிறோம். இந்த ஊர்ப் பனிதான் கூரையை உடைத்தது, இந்த ஊர்தான் பிள்ளையைக் கெடுத்தது என்று சனம் கூடுகிற இடத்தில் நாங்கள் எவ்வளவு கதைத்திருப்போம். பனி பாவம், அது விழுந்த இடத்தில் கிடந்தது. உருக்கியது வீட்டுக்குள் இருந்து போன சூடுதான்.

பக்கத்து வீட்டுக் கிழவியின் கதையையும் கேள், சிரிப்பாய். அடுத்த கோடையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "முந்தி உங்கள் வீட்டில் நல்ல மணம் வருமே, இப்போது ஏன் காணோம்? சுகம் இல்லையா?" என்று விசாரித்தாள். அன்றைக்கு ஜன்னலைச் சாத்தியது ஏன் என்று மெல்லக் கேட்டேன். மத்தியானத் தூக்கமாம். பழைய ஃபான் போட்ட இரைச்சலில் கண்ணயர முடியவில்லையாம். நான் ஒரு ஜன்னல் சத்தத்துக்கு நானே அர்த்தம் எழுதி, அதற்கு ஒரு குழாயும் பூட்டி, உன்னைப் பறிகொடுத்தேன். சுகன்யா உன்னைப் பார்த்து ஒருநாள் கதவைப் படாரென்று சாத்தினால், ஏன் என்று அன்றைக்கே கேள். உன் பிழை ஏதாவது இருந்தால் அதையும் அன்றைக்கே சொல். எவ்வளவு கேவலமான பிழையாக இருந்தாலும் அன்றைக்கு அது சின்னதுதான். உனக்கு நான் தரக்கூடிய புத்தி அவ்வளவுதான். மற்றதெல்லாம் நீ என்னை விட நன்றாகச் செய்கிறாய்.

இனி உன் கூரை. தயவுசெய்து அந்த ஐஸைச் சுத்தியலால் அடிக்காதே, கொதிதண்ணீரும் ஊற்றாதே. அப்பாவிடம் மேல்பாதி கறுப்பாகக் கிடந்ததைச் சொன்னேன். கேட்டவுடன் தோடம்பழத்தை அப்படியே விட்டுவிட்டு எழும்பினார். "அப்ப குளியலறை ஃபானின்ர குழாய்தான். கழண்டு அற்றிக்குக்குள்ள விழுந்திருக்கும். தேங்கித் தண்ணி உள்ளுக்கு வரமுன்னம் பூட்டவேணும்," என்றார். பேஸ்மென்றுக்கு இறங்கி டோர்ச்சையும் குழாய் ஒட்டுகிற வெள்ளி ரேப்பையும் ஒரு துண்டுக் குழாயையும் எடுத்து வந்து, கார் டிக்கியில் வைத்தார். "அவன் உங்களை வரச் சொல்லேல்லை," என்றேன். சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை, இனியும் ஒளிக்க முடியாது. "தெரியும். காருக்குள்ள கிடந்தால் பழுதாகிற சாமானோ? கிடக்கட்டும்," என்று டிக்கியை மூடினார். இன்றைக்கு ஐந்தாம் நாள், அது அங்கேயே கிடக்கிறது.

நீ அவரைக் கூப்பிடாவிட்டால் நான் தனியாகத்தான் வருவேன். பாலைக் காய்ச்சித் தருவேன், முகத்தைச் சுளிக்க மாட்டேன். வற்புறுத்துகிற உரிமையை நான் அந்தத் தேத்தண்ணியோடு இழந்துவிட்டேன். உனக்கு வேண்டாதவர் நானாகிவிட்டால் அதையும் சொல், அவரை வரவிட்டு நான் வீட்டில் நிற்கிறேன். ஆனால் கூப்பிடுவாய் என்றால், அவரைக் கதிரையில் இருத்தி மன்னிப்பை எதிர்பார்த்துக்கொண்டு முன்னால் இருக்காதே, இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அற்றிக் கதவு எந்த அறையில் என்று காட்டு. ஏணியைப் பிடி. மேலே போய் இருட்டுக்குள் குனிந்து நின்று வேலை செய்யும்போது ஏதாவது சொல்லுவார். சொன்னால் கேள், சொல்லாவிட்டால் டோர்ச்சை நேராகப் பிடி. வேலை முடிந்து இறங்கும்போது கதவை அவரே மூடட்டும்.

அந்த நேரம் நானும் அங்கே நின்றால், கையில் தேத்தண்ணித் தட்டு இருக்காது. "அம்மா, நீங்கள் சொல்லுங்கோ," என்று நீ கேட்டதற்கு ஆறு வருஷம் பிந்திய பதில் என்னிடம் இருக்கிறது. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை உன் அப்பாவுக்கும் சுகன்யாவுக்கும் முன்னால் சொல்லுவேன். அதற்கு முதல் உனக்கு இங்கே எழுதி வைக்கிறேன்.

அவன் கதவை மூடினவன். பிழை என்ர.

அம்மா